திப்பி, காப்பித் தோல், பால் உறை: கற்கரிக்குள் எது போகலாம், எவ்வளவு போகலாம்?

நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு, இரும்பு உருக்கும் உலைகளுக்கு வேண்டிய கற்கரியாக (கோக்) ஆக்கும்போது, அதனுடன் சிறிதளவு கழிவுப் பொருளைச் சேர்த்தால் அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சமாகும், கழிவுக்கும் ஒரு போக்கிடம் கிடைக்கும். இந்த எண்ணம் புதியதன்று. ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து கழிவுப் பிளாஸ்டிக்கைத் தன் கற்கரி அடுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு என்ற அளவில் நிலக்கரியோடு கலந்து சுட்டு வருகிறது. உள்ளே போகும் பிளாஸ்டிக்கில் சுமார் 20 விழுக்காடு கற்கரியாகவும், 40 விழுக்காடு தாரும் இலேசான எண்ணெயுமாகவும், மீதி 40 விழுக்காடு எரிவாயுவாகவும் வெளிவருகிறது. அடுப்பு காற்றுப் புகாதது என்பதால் பிளாஸ்டிக் அதனுள் எரிவதில்லை, சிதைந்து பிரிகிறது. இதைப் படித்த நாளிலிருந்து என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி, சேலத்தைச் சுற்றிக் குவிகிற கழிவுகளில் எவற்றைக் கற்கரி ஏற்கும், எவற்றைத் தள்ளும் என்பதுதான். ஆத்தூர், தலைவாசல் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மலைபோல் கிடக்கும் மரவள்ளித் திப்பி, ஏற்காட்டுத் தோட்டங்களில் விழும் காப்பித் தோல், நகரத்து வீடுகள்தோறும் சேரும் பால் உறை, தண்ணீர்ப் பாட்டில், தெர்மகோல், மெக்கானிக் கடைகளில் வடியும் பழைய எஞ்சின் ஆயில் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் நண்பர் ஒருவரின் பட்டறை உலையிலும் சுட்டுப் பார்த்தேன்.

சேலத்துக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. பொட்டனேரியில் தாதிலிருந்து இரும்பு எடுக்கும் ஊது உலைகள் நிற்கின்றன. சிறு வார்ப்படப் பட்டறைகள், வார்ப்பிரும்பை உருக்கும் குபோலா உலைக்கு இன்றும் கற்கரி வாங்குகின்றன. ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலைக்குத் தாது சேலத்திலிருந்துதான் போயிற்று. அந்த ஆலை மரக்கரியை நம்பி நடந்தது. காடு குறையக் குறையக் கரி கிடைக்காமல் திணறியது. இரும்பு உருக்க நினைப்பவருக்குத் தாதைவிடக் கரிதான் பெரிய கவலை என்பது இந்த மாவட்டம் இருநூறு ஆண்டுகளாக அறிந்த செய்தி. இன்றும் நம் நாட்டின் ஊது உலைகளுக்கு வேண்டிய கற்கரி நிலக்கரியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. ஜார்க்கண்டின் ஜரியா சுரங்கங்களில் கிடைப்பது அளவிலும் தரத்திலும் போதவில்லை.

எந்தக் கழிவு ஏற்கும் என்பதை முடிவு செய்வது நிலக்கரியின் ஒரு குறுகிய வெப்ப எல்லைதான். கற்கரிக்கு உகந்த நிலக்கரி ஏறத்தாழ 350 முதல் 400 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கி, மெழுகாகிக் குமிழியிட்டு, 500 டிகிரியை நெருங்கும்போது மீண்டும் இறுகிவிடுகிறது. அந்த இளகுநிலையில்தான் துகளோடு துகள் ஒட்டுகிறது. பிறகு 1,000 டிகிரி வரை ஏறும்போது நடப்பது, ஒட்டியது சுருங்கிக் கெட்டிப்படுவது மட்டுமே. ஆகவே சேர்க்கிற பொருள் இளகுநிலையைக் குலைக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, அதன் சாம்பல் கற்கரிக்குள் தங்கி என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். என் சோதனைகள் எல்லாம் இந்த இரண்டைச் சுற்றியே அமைந்தன.

முதல் சோதனைக்கு, நிலக்கரி சூட்டில் எவ்வளவு உப்பி ஒட்டுகிறது என்று காட்டும் உப்பல் எண் முறையைத் தேர்ந்தேன். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பதால் இதை எந்தக் கல்லூரியிலும் செய்யலாம். 212 மைக்ரான் சல்லடையில் சலித்த நிலக்கரி மாவு 1 கிராம் எடுத்து, சிலிக்கா மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில்) இட்டு, மூடி, 820 டிகிரியில் இரண்டரை நிமிடம் சுட வேண்டும். மூசையிலிருந்து விழும் வில்லையின் உருவத்தைத் தர வரைபடங்களோடு ஒப்பிட்டு 0 முதல் 9 வரை எண் கொடுக்கிறோம். எனக்குக் கிடைத்த இறக்குமதி நிலக்கரி தனியாகச் சுட்டபோது 7 காட்டியது. வில்லை குழிப்பணியாரம்போல் மேலே உப்பி, வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில், விரலால் அழுத்தினால் நொறுங்காமல் நின்றது. அதை மேசைமேல் போட்டால் கணீரென்று ஒலிக்கும். கெட்டுப்போன கலவையின் வில்லை போட்டவுடன் மந்தமாக விழுந்து ஓரம் உதிரும். எண்ணைக் குறிப்பதற்கு முன்பே காது சொல்லிவிடுகிறது.

பிளாஸ்டிக்கைப் பொடியாக்குவதுதான் பெரும்பாடு. தண்ணீர்ப் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக்கை நறுக்கி அடுப்பில் 160 டிகிரியில் அரை மணி வைத்தால் வெளுத்து மொறுமொறுப்பாகிவிடும். பிறகு மிக்ஸியிலேயே மாவாகிவிடும். தெர்மகோல் 110 டிகிரிக்கு மேல் காற்றை இழந்து சுருங்கி, கண்ணாடித் துண்டுபோல் ஆகிவிடுவதால் உரலில் இடித்தாலே பொடியாகும். பால் உறை மட்டும் எதற்கும் மசியாது. கழுவி உலர்த்தி, தகரத்தின்மேல் இளக்கிக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை அரத்தால் ராவித்தான் துகள் எடுத்தேன். ஒரு கிராம் கலவையில் 20 மில்லிகிராம் பிளாஸ்டிக் என்பது மிகச் சிறிதளவே என்பதால், ஒவ்வொரு கலவைக்கும் பல வில்லைகள் சுட்டு நடுவிலுள்ள மதிப்பையே எடுத்துக்கொண்டேன்.

நூற்றுக்கு 2 பங்கு சேர்த்தபோது பால் உறைக் கலவை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே நின்றது. தெர்மகோல் கலவை ஐந்தரைக்கு இறங்கியது. பெட் கலவை 5 காட்டியது. 5 பங்கில் வேறுபாடு இன்னும் விரிந்தது: பால் உறை 6, தெர்மகோல் 4, பெட் 3. ஜப்பானிலும் ஸ்பெயினின் ஒவியெதோ நகரிலும் ஆய்வு செய்தவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதிய வரிசையும் இதுதான். பால் உறையின் பாலிஎத்திலீன் சிதைவது நிலக்கரி இளகி நிற்கும் வேளையில், 430 டிகிரிக்கு மேல்; அதன் சிதைவு நிலக்கரியை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. தெர்மகோலின் பாலிஸ்டைரீன் சிதைந்து பிறக்கும் துண்டுகள் நிலக்கரியிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்கின்றன. நிலக்கரி இளகி நிற்பதற்கு அந்த ஹைட்ரஜன்தான் துணை என்பதால் இளகுநிலை தளர்ந்துவிடுகிறது. பெட்டில் ஆக்சிஜன் மிகுதி. அதிலிருந்து வரும் அமிலங்களும் மிஞ்சும் கரியும் சேர்ந்து ஒட்டும் தன்மையைக் கெடுக்கின்றன. "பிளாஸ்டிக்" என்று ஒரே சொல்லால் அழைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டுவது கற்கரி அடுப்பில் செல்லாது. குப்பையைத் தரம் பிரிப்பவரின் உழைப்பே இங்கே கற்கரியின் வலிமையாகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை வந்தபோது பால் உறைக்கு விலக்கு அளிக்கப்பட்டதால், அது இன்னும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. எளிதில் அடையாளம் காணக்கூடியது. ஒரே வகைப் பிளாஸ்டிக் என்பதில் ஐயமும் இல்லை. என் கணிப்பில், பிளாஸ்டிக் கழிவுகளில் முதல் தகுதி அதற்கே.

பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கிட்டவே சேர்க்கவில்லை. அது சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். பெரிய ஆலைகளில் வாயுவைக் கழுவும் அம்மோனியா நீரில் அது அம்மோனியம் குளோரைடாகப் பிடிபட்டுவிடும். கல்லூரியின் மஃபிள் உலையில் அதைப் பிடிக்க எதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க நினைப்பவர்கள், பி.வி.சி. இல்லாத சோதனைக்கும்கூட, புகைபோக்கியின் கீழேதான் மூசையை வைக்க வேண்டும். நிலக்கரி தனியாகச் சிதைந்தாலே பென்சீனும் கார்பன் மோனாக்சைடும் வெளிவரும்.

அடுத்தது திப்பி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவுப்பாலை எடுத்த பிறகு மிஞ்சும் நார்ச் சக்கை இது. ஆலையிலிருந்து வரும்போது முக்கால் பங்குக்கு மேல் நீராக இருக்கும்; காய்ந்த பிறகும் எடையில் பாதிக்கும் மேல் மாவுச்சத்தே. ஆத்தூர்ப் பக்கத்து ஆலையில் ஒரு மூட்டை கேட்டபோது அங்கிருந்த மேற்பார்வையாளர், "வெயில் காலத்துல காயப் போட்டா மாட்டுத்தீவனத்துக்குப் போயிருதுங்க சார். மழை பிடிச்சுக்கிச்சுன்னா ரெண்டே நாள்ல புளிச்சு நாத்தம் எடுத்துரும், யாரும் தொட மாட்டாங்க" என்றார். அந்த மழைக்காலத் திப்பிதான் எனக்கு வேண்டியது. தீவனமாகப் போவதைப் பிடுங்கி உலையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

காய்ந்த திப்பியை அப்படியே அரைத்து 5 பங்கு கலந்தபோது உப்பல் எண் 7இலிருந்து 4ஆக வீழ்ந்தது. 10 பங்கில் வில்லை என்று சொல்ல எதுவும் இல்லை, மூசையைக் கவிழ்த்தால் தூளாகக் கொட்டியது. காரணம் தெளிவானது. மாவுச்சத்து 300 டிகிரி வாக்கிலேயே நீராவியையும் கார்பன் ஆக்சைடுகளையும் விட்டுவிட்டு வெறும் கரியாகிவிடுகிறது. நிலக்கரி இளகத் தொடங்கும்போது அங்கே ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. துளை நிறைந்த அந்த மெல்லிய கரி, இளகிய நிலக்கரியைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்ளவும் செய்கிறது. ஆகவே திப்பியை முதலிலேயே கரியாக்கிவிட்டுச் சேர்க்கலாம் என்று, துளையிட்ட தகர டப்பாவில் அடைத்து 500 டிகிரியில் கரியாக்கினேன். மாவாக அரைத்த அந்தக் கரியை 5 பங்கு சேர்த்தபோது எண் ஐந்துக்கு ஏறியது, அவ்வளவுதான். மாவாக இருக்கும்வரை அதன் பரப்பு அதிகம், உறிஞ்சுவதும் அதிகம். ஆனால் திப்பிக் கரியை 2 மில்லிமீட்டர் மணிகளாக எடுக்கப் பார்த்தால் கைபட்டவுடன் பொடியாகிறது.

இதற்கு வழி திப்பிக்குள்ளேயே இருந்தது. ஈரத் திப்பியை வெந்நீரில் பிசைந்தால் அதிலுள்ள மாவுச்சத்து பசையாகிறது. அந்தப் பதத்தில் முறுக்கு உழக்கில் அழுத்திப் பிழிந்து, கட்டில்மேல் துணி விரித்து வெயிலில் காயவைத்தேன். காய்ந்த குச்சிகள் கையால் ஒடிப்பதற்குக் கடினமாகும் அளவுக்கு வலுவாக இருந்தன. கரியாக்கிய பிறகு குச்சி பாதி பருமனுக்குச் சுருங்கினாலும் உருக்குலையவில்லை. ஒடித்து 2 முதல் 3 மில்லிமீட்டர் மணிகளாகச் சலித்தெடுக்க முடிந்தது. வெளியிலிருந்து ஒரு பிணைப்புப் பொருளும் வாங்காமல், கழிவே தன்னைக் கட்டிக்கொண்ட இந்த இடம்தான் முழு முயற்சியிலும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

மணிக்கரியை மூசைச் சோதனையில் சோதிக்க முடியாது. அதற்குப் பெரிய அளவில் சுட வேண்டும். 3 அங்குலத் தையலில்லாக் குழாயின் ஒரு முனையை வெல்டிங் செய்து அடைத்து, மறுமுனைக்கு மரைமூடி போட்டு, மூடியில் அரை அங்குல வாயுக்குழாய் பொருத்தினோம். ஏறத்தாழ ஒரு கிலோ கலவை கொள்ளும். நண்பரின் வெப்பப்பதப்படுத்தும் உலையில் 950 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தோம். வாயுக்குழாயை உலைக்கதவுக்கு வெளியே நீட்டி, முனையில் எப்போதும் ஒரு சிறு தீயை வைத்திருந்தோம், வெளிவரும் வாயு எரிந்தே போக வேண்டும் என்பதற்காக. முதலில் புகையோடு மஞ்சள் சுடர் நீளமாக வரும். பிறகு தார் குறையக் குறையச் சுடர் தெளிந்து, கடைசியில் ஹைட்ரஜன் மட்டும் எரியும் வெளிறிய நீலமாக ஒடுங்கும். அந்த நீலமும் அணைந்தால் சுட்டது முடிந்தது என்று பொருள். வாயுக்குழாய் குட்டையாகவும் சூடாகவும் இருக்க வேண்டும். நீண்டு குளிர்ந்தால் தார் உறைந்து அடைத்துவிடும், அடைத்துக்கொண்ட குழாய் வெடிகுண்டுக்குச் சமம். பால் உறைக் கலவையில் மஞ்சள் சுடர் கூடுதல் நேரம் நின்றதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது; பாலிஎத்திலீனில் பெரும்பங்கு வாயுவும் எண்ணெயுமாகப் போகிறது என்பது அந்தச் சுடரில் தெரிந்தது.

குளிர்ந்த கற்கரியை 2 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின்மேல் நான்கு முறை போட்டு, 25 மில்லிமீட்டர் சல்லடையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று நிறுத்தோம். தனி நிலக்கரியின் கற்கரியில் 84 விழுக்காடு மிஞ்சியது. பால் உறை 2 பங்கு சேர்த்ததில் 82. பெட் 2 பங்கில் 70. கரியாக்காத திப்பி 5 பங்கில் 61. திப்பிக் கரி மாவு 3 பங்கில் 72. அதே 3 பங்கை மணியாகச் சேர்த்ததில் 80. உடைந்த முகத்தில் திப்பி மணிகள் கற்கரிச் சுவருக்குள் பதிந்து கிடந்ததைப் பூதக்கண்ணாடியில் காண முடிந்தது. மணியைச் சுற்றி விரிசல் இருந்தாலும், ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு ஓடவில்லை.

வலிமை பாதிக் கதைதான். ஊது உலைக்குள் கற்கரி கீழிறங்கும்போது கரியமில வாயு அதைத் தின்கிறது. ஒரு கார்பனும் ஒரு கரியமில வாயு மூலக்கூறும் சேர்ந்து இரண்டு கார்பன் மோனாக்சைடாகின்றன. உலகெங்கும் பின்பற்றும் தரச் சோதனையில் 200 கிராம் கற்கரியை 1,100 டிகிரியில் இரண்டு மணி நேரம், நிமிடத்துக்கு 5 லிட்டர் கரியமில வாயுவில் வைத்து எடை இழப்பை அளக்கிறார்கள். மிஞ்சியதை உருளையில் 600 சுற்றுச் சுற்றி, உடையாமல் நிற்பதை நிறுக்கிறார்கள். எங்களிடம் இருந்த, சூடு தாங்கும் எஸ்.எஸ். 310 எஃகுக் குழாய்க்கு ஏற்ப 40 கிராமும், நிமிடத்துக்கு 1 லிட்டர் வாயுவும் எடுத்துக்கொண்டு முதல் பாதியை மட்டும் செய்தேன். தனிக் கற்கரி 26 விழுக்காடு எடை இழந்தது. பால் உறை சேர்த்தது 27. திப்பிக் கரி 5 பங்கு சேர்த்தது 33. காப்பித் தோல் கரி 5 பங்கு சேர்த்தது 41.

காப்பித் தோல் ஏன் இவ்வளவு மோசம் என்பதை அதன் சாம்பலே சொன்னது. ஏற்காட்டில் பழத்தை முழுதாக வெயிலில் காயவைத்து உடைக்கும் தோட்டத்திலிருந்து வாங்கிவந்த தோல் அது. அதன் சாம்பலில் ஒரு சிட்டிகையை நிக்ரோம் கம்பியில் தொட்டு பன்சன் சுடரில் காட்டி, கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் சுடர் பளிச்சென்று இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக எரிகிறது. அது பொட்டாசியம். கற்கரிக்குள் தங்கிய பொட்டாசியம், கரியமில வாயு கார்பனைத் தின்னும் வினைக்கு ஊக்கியாக நிற்கிறது. கால்சியமும் அப்படியே. மரக்கழிவும் பயிர்க்கழிவும் கற்கரியின் எதிர்வினையைக் கூட்டிவிடுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

பொட்டாசியம் நீரில் கரையும் என்பதால், கரியைக் கொதிநீரில் ஊறவைத்துக் கழுவிப் பார்த்தேன். சேலத்து ஆழ்குழாய் நீர் கடினமானது என்பதால் மழைநீரைச் சேமித்து அதில்தான் கழுவினேன். ஒன்றை நீக்கப் போய்க் கால்சியத்தை உள்ளே விடக் கூடாது. வடித்த நீரைச் சுண்டவைத்தபோது தட்டின் ஓரத்தில் வெள்ளை உப்புப் படிந்தது. கழுவிய திப்பி மணிகளின் எடை இழப்பு 33இலிருந்து 28ஆகக் குறைந்தது. காப்பித் தோல் 41இலிருந்து 32க்கு வந்து அத்தோடு நின்றது. காப்பித் தோலை இனி நான் இந்த வேலைக்கு எடுப்பதில்லை. அவ்வளவு பொட்டாசியம் உள்ள பொருள் மக்கி, வந்த தோட்டத்து மண்ணுக்கே திரும்புவதுதான் முறை. அதைக் கழுவி வீணாக்கி உலைக்குக் கொண்டுவருவதில் பொருளே இல்லை.

பழைய எஞ்சின் ஆயிலின் பயன் வேறு வகையானது. அது ஒட்டுவதற்கு உதவுவதில்லை. நிலக்கரி நெருங்கிப் படிவதற்கு உதவுகிறது. நிலக்கரியில் ஈரம் ஏறினால் துகள்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நெகிழ்வாக நிற்கும். அதே அடுப்பில் குறைவான நிலக்கரியே கொள்ளும், கற்கரியும் இளப்பமாகும். கல்லூரிக் கிடங்கில் கிடந்த இரும்புப் படியில் உயரத்திலிருந்து கொட்டி, தலைதட்டி நிறுத்தபோது, உலர்ந்த நிலக்கரி லிட்டருக்கு 780 கிராம் கொண்டது. 8 விழுக்காடு ஈரத்தில் 650ஆகக் குறைந்தது. அதே ஈரத்தில் 1 பங்கு ஆயில் பிசறியதும் 710க்கு ஏறியது. கற்கரி ஆலைகள் இதற்காகவே எண்ணெய் தெளிப்பதுண்டு. ஆனால் பயன்படுத்திய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டுமே போக வேண்டியது. அதிலுள்ள துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் உருக்கு செய்பவருக்கு வேண்டாத விருந்தாளிகள். அளவறிந்து ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்ததோடு அதை நிறுத்திக்கொண்டேன்.

கடைசியாகப் பால் உறை 2 பங்கும், கழுவிய திப்பி மணி 3 பங்கும் ஒன்றாகச் சேர்த்துச் சுட்ட கலவை, வீழ்த்தும் சோதனையில் 77 விழுக்காடும், வாயுச் சோதனையில் 28 விழுக்காடு எடை இழப்பும் காட்டியது. ஒவ்வொன்றும் தனித்தனியே செய்த தீங்கை இரண்டும் சேர்ந்து பெருக்கிவிடவில்லை. குபோலா வைத்திருக்கும் நண்பர் இந்தக் கற்கரித் துண்டை உடைத்துப் பார்த்து, "சின்ன துண்டா இருந்தா எனக்கு ஆகாதுங்க, குபோலாவுக்குக் கை அளவு கட்டி வேணும், மெதுவாத்தான் எரியணும்" என்றார். அவர் சொன்னது சரி. குபோலாவில் கரியமில வாயுவோடு வினையாடாத கற்கரிதான் இரும்பை நன்றாகச் சூடேற்றும். பயிர்க்கழிவு சேர்ந்த கற்கரி அங்கே போகக் கூடாது. ஊது உலைக்கும், அதைவிட, தாதுப்பொடியைச் சுட்டுக் கட்டியாக்கும் சின்டர் ஆலைக்கும்தான் இது பொருந்தும். சின்டருக்கு வேண்டியது கற்கரிப் பொடி என்பதால், அங்கே திப்பிக் கரியைக் கற்கரியாக்காமல் நேரடியாகவே ஒரு பங்கு கலக்க முடியுமா என்று பார்க்கத் தனியாக மணிகள் பிழிந்து காயப்போட்டிருக்கிறேன். உலர்த்துவதற்கு வெயிலை நம்பியிருக்கும்வரை ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை நடக்காது. ஆலைகளில் திப்பி கெட்டுப்போவதும் அந்த மழையில்தான். பட்டறை உலையின் புகைபோக்கியில் வீணாகும் சூட்டில் மணிகளை உலர்த்த ஒரு தட்டுப்பெட்டி செய்யக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சுற்று அதில் காய்ந்த மணிகளைக் கொண்டுதான்.